தெரியாததும் இல்லாததும்

‘தோட்டப்புறங்களில் இணையத்துக்குக் கேள்வி குறைவு, கேள்வியில்லாத இடத்தில் கோபுரம் எழுப்புவது எந்தப் பொருளியலில் சேர்ந்தது?’ என்றொரு வாதம் படித்தவர்கள் கூடும் இடங்களில் அடிக்கடி எடுத்து வைக்கப்படுகின்றது. எடுத்து வைப்பவர்கள் கொடியவர்கள் அல்லர். பெரும்பாலும் பொறியியல் கற்ற, நல்ல மனம் படைத்த இளைஞர்களே. அவர்கள் கையில் ஒரு வரைபடம் இருக்கின்றது. பச்சையும் நீலமுமாக ஏறி இறங்கும் கோட்டைக் காட்டி, ‘இது என்னுடைய அபிப்பிராயம் அன்று, இயந்திரம் எண்ணிச் சொன்னது’ என்கிறார்கள். இயந்திரத்துக்கு இனமில்லை, மதமில்லை, மொழியில்லை. ஆகவே அது சொல்வது உண்மை என்பது அவர்தம் நம்பிக்கை.

இயந்திரத்துக்கு இவை இல்லையென்பதை நாமும் ஒப்புக்கொள்கின்றோம். ஆயின், இயந்திரம் தானாக எண்ணத் தொடங்குவதில்லை. எதை எண்ணுவது, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணுவது, எண்ண முடியாமற் போனால் அந்த இடத்தில் என்ன எழுதுவது, எழுதியதை எவ்வளவு காலம் வைத்திருப்பது, யாருக்குக் காட்டுவது என்பவற்றையெல்லாம் ஒரு மனிதன் ஒரு சிறிய கோப்பில் முன்கூட்டியே எழுதி வைக்கின்றான். அதன் பின்னரே இயந்திரம் ஓடுகின்றது. அந்தச் சிறிய கோப்பைப் பற்றித்தான் நாம் வழக்காட வந்திருக்கின்றோம்.

ஓர் இலக்கியப் பத்திரிகையின் பக்கங்களில் இதற்கு என்ன இடம் என்று நம்மவர்களிலேயே சிலர் கேட்கக்கூடும். கணக்கும் புள்ளிவிவரமும் கம்பனிக்காரனின் காரியம். நமக்கு மனிதனின் துயரமே பொருள் என்பார்கள். மலையகத்தின் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்த்தவர் அப்படிச் சொல்ல முடியாது. அங்கே மனிதனின் துயரம் என்றைக்கும் ஒரு பேரேட்டின் வழியாகத்தான் வந்திருக்கின்றது.

மலைநாட்டுப் பிள்ளைக்குக் ‘கணக்கு’ என்ற சொல் பாடசாலைக்குப் போகும் முன்னரே தெரியும். பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணுபவனுக்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர். ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு அங்கே வழங்கும் சொல்லே ‘பேர்’ என்பதுதான். நிறுவையில் குறைந்தால் அரைப் பேர். மனிதனுடைய பெயர் செக்ரோலில் விழுந்தால் அவன் அன்றைக்கு இருந்தான். விழாவிட்டால் அவன் இருக்கவில்லை. காலையிலிருந்து மழையில் நனைந்து நின்ற உடம்பு சாட்சியாகாது. ஏட்டில் விழுந்த கோடே சாட்சி. கங்காணியின் கடன் கணக்கைத் தாங்கிய ‘துண்டு’ என்ற சீட்டு, 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை, தொழிலாளியைத் தோட்டத்துக்குத் தோட்டம் பின்தொடர்ந்தது. அந்தக் கணக்கை எழுதியவன் ஒருவன். அதற்குக் கட்டுப்பட்டவன் மற்றொருவன். எழுதியதை வாசித்துப் பார்க்கும் வாய்ப்பு இரண்டாமவனுக்குப் பெரும்பாலும் இருக்கவில்லை.

இது கூலிக் கணக்கோடு முடிந்திருந்தால் கூடப் பொறுத்திருக்கலாம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதன் பின்னே 1949இன் இந்திய பாக்கிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. விவாகமானவராயின் ஏழாண்டு, விவாகமாகாதவராயின் பத்தாண்டு, இந்நாட்டில் இடைவிடாது வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும் என்றது அச்சட்டம். எதைக்கொண்டு நிரூபிப்பது? நாட்டிவைத்த தேயிலையைக் காட்டவா, புதைத்த பிள்ளைகளின் குழிகளைக் காட்டவா? ஏடுகள் கேட்கப்பட்டன. ஏடுகளோ தோட்டத்துக் கந்தோரில் இருந்தன. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜைகளாகப் பதிவு பெற்றவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேரே. எஞ்சியோர் இந்நாட்டில் வாழவில்லை என்பது அன்று பொருள். அவர்கள் வாழ்ந்ததற்கான வரி ஒன்று எங்கோ எழுதப்படாமற் போயிற்று, அல்லது எழுதியது ஏற்கப்படாமற் போயிற்று என்பதே பொருள். ஆயினும் முடிவு என்னவாக எழுதப்பட்டது? ‘இல்லை’ என்று. 1964 ஒக்டோபரில் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து 9,75,000 மனிதர்களை 5,25,000 என்றும் 3,00,000 என்றும் பிரித்து, மீதி 1,50,000 பேரைப் பின்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தபோது, கணிதத்தின் மிகக் கொடிய பயிற்சி ஒன்று நம் கண்முன்னே நடந்தது.

தெரியாததை இல்லாதது என்று எழுதும் இந்தப் பழைய பழக்கம், இப்போது கம்பிக்குள்ளும் கண்ணாடி நாருக்குள்ளும் புகுந்திருக்கின்றது என்பதே நமது குற்றச்சாட்டு. குற்றச்சாட்டை நிலைநாட்ட வேண்டுமாயின், அந்த இயந்திரம் எவ்வாறு எண்ணுகின்றது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

வலையமைப்பில் செய்திகளைத் திசைதிருப்பி அனுப்பும் ரவுட்டர் என்ற பெட்டிக்குப் பல வாசல்கள் உண்டு. ஒவ்வொரு வாசலிலும் உள்ளே வந்தது எத்தனை பைட், வெளியே போனது எத்தனை பைட் என்று எண்ணிக்கொண்டேயிருக்கும் மானி ஒன்று இருக்கின்றது. வீட்டு மின்சார மீற்றரைப் போன்றதே. தலைமைக் கந்தோரிலிருந்து ஒரு கணினி, குறித்த நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பெட்டியையும் விசாரித்து மானியின் எண்ணைக் கேட்டு வாங்குகின்றது. கேட்கும் முறைக்கு எஸ்.என்.எம்.பி. என்று பெயர், 1988இல் வரையறுக்கப்பட்டது. சென்ற முறை சொன்ன எண்ணை இம்முறை சொன்ன எண்ணிலிருந்து கழித்து, இடையில் கடந்த விநாடிகளால் வகுத்தால் போக்குவரத்தின் வேகம் கிடைக்கும். இதைச் செய்து கோடாக வரைந்து காட்ட, தோபியாஸ் ஓட்டிக்கர் என்ற சுவிஸ்காரர் 1995இல் எம்.ஆர்.டி.ஜி. என்ற மென்பொருளை எழுதி உலகுக்கு இலவசமாக விட்டார். 1999இல் அவரே ஆர்.ஆர்.டி.டூல் என்ற மற்றொன்றையும் தந்தார். உலகெங்கும் பல்கலைக்கழகங்களும் தொலைபேசிக் கம்பனிகளும் இவற்றைக் கொண்டோ, இவற்றின் வழிவந்தவற்றைக் கொண்டோ தம் வலைகளைக் கண்காணித்து வந்திருக்கின்றன. உழைப்பின் பயனைப் பொதுவுடைமையாக்கிய அந்த மனிதரிடம் நமக்குச் சண்டையில்லை. சண்டை வேறிடத்தில்.

இந்த மென்பொருளை முதன்முதலில் நிறுவும்போது, எந்தெந்த வாசலை எண்ணுவது என்ற பட்டியலைத் தயாரிக்க வேண்டும். அதைத் தானே தயாரித்துத் தரும் துணைக்கருவி ஒன்று எம்.ஆர்.டி.ஜி.யுடன் வருகின்றது. அது பெட்டியைக் கேட்கும். அந்த நேரத்தில் உயிரோடிருக்கும் வாசல்களைப் பட்டியலில் சேர்க்கும். செத்துக் கிடக்கும் வாசல்களை விட்டுவிடும். விடாதே என்று தனியாக ஒரு கட்டளை கொடுத்தாலன்றி இதுதான் வழக்கம். இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். கணக்கெடுப்புத் தொடங்கிய நாளில் இணைப்பு அறுந்து கிடந்த இடம் எதுவோ, அந்த இடமே கணக்கில் சேராது! நன்றாக இருப்பவனை எண்ணுவதற்கு நன்றாக இருப்பதே தகுதி. பிறகு மாத முடிவில் அறிக்கை வரும்: கண்காணிக்கப்பட்ட வாசல்கள் அனைத்தும் சிறப்பாக இயங்கின என்று. அதிலே பொய் ஒரு சொல்லும் இராது.

அடுத்தது, கேட்ட கேள்விக்குப் பெட்டி பதில் சொல்லாத வேளை. மின்சாரம் போயிருக்கலாம், மழையில் மண் சரிந்து கம்பி அறுந்திருக்கலாம். நுவரெலியா மாவட்டத்தில் இவை அபூர்வமல்ல. அந்த ஐந்து நிமிடத்துக்கு ஏட்டில் என்ன எழுதுவது? எம்.ஆர்.டி.ஜி. இயல்பாகச் செய்வது, கடைசியாகக் கிடைத்த எண்ணையே திரும்ப எழுதுவது. கோடு தட்டையாக ஓடும். அறியாதவன் அதைப் பார்த்து அமைதி என்று நினைப்பான். இது பிடிக்காவிட்டால், ‘தெரியாததைப் பூச்சியமாகக் கொள்’ என்று பொருள்படும் ஒரே ஒரு சொல்லை அமைவுக் கோப்பில் சேர்க்கலாம். அப்போது தெரியாத இடமெல்லாம் பூச்சியமாகும். இதைப் பயன்படுத்துவதில் கவனம் வேண்டும் என்று அந்த மென்பொருளின் கையேடே எச்சரிக்கின்றது. ஆர்.ஆர்.டி.டூல் மூன்றாவது வழியைக் கொண்டுவந்தது. அது பழையதைத் திரும்ப எழுதுவதுமில்லை, பூச்சியம் போடுவதுமில்லை. ‘தெரியாது’ என்றே எழுதுகின்றது. வரைபடத்தில் அந்த இடம் வெறுமையாக நிற்கும். பூச்சியம் என்பது ஓர் அளவு. தெரியாது என்பது அளவே இல்லாத நிலை. இரண்டையும் வேறுபடுத்திய அந்தச் சிறு நேர்மை, எத்தனையோ அரசாங்க அறிக்கைகளில் காணக் கிடைக்காதது.

மலையகத்தின் மீது இந்த மூன்று வழிகளில் முதலிரண்டே கையாளப்படுகின்றன. என்றோ கணித்த எல்லைக்கோட்டை இன்றைய நிலையென்று திரும்பத் திரும்ப அச்சிடுவது முதலாவது. கோபுரமே இல்லாத பள்ளத்தில் போக்குவரத்து இல்லை. ஆகவே கேள்வி இல்லை என்று பூச்சியம் எழுதுவது இரண்டாவது. பாலம் கட்டப்படாத ஆற்றங்கரையில் நின்று, பாலத்தின் மேல் இன்று எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணி, ஒருவருமில்லை, ஆகவே பாலம் வேண்டாம் என்று எழுதிச் செல்பவனை நாம் பைத்தியக்காரன் என்போம். ஆறு இருக்கும் இடத்தில் கோபுரத்தை வைத்து இதே காரியத்தைச் செய்தால் அது திட்டமிடல் என்று பெயர் பெறுகின்றது.

விதியொன்றை எழுதிப் பூச்சியத்தை உண்டாக்கிவிட்டுப் பின் அந்தப் பூச்சியத்தையே ஆதாரமாகக் காட்டுவது நமக்குப் புதிதன்று. 1987இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிடத் தடையாக நின்றது. வாக்களித்தவர்கள் தோட்டத்தில், உறுப்பினர்கள் தோட்டத்திலிருந்து, செலவு மட்டும் தோட்டத்தின் எல்லையில் நின்றது. அந்தப் பிரிவு திருத்தப்பட்டது 2018இல். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளின் வரவு செலவு ஏடுகளில் தோட்டப் பாதைகளுக்கு நேரே என்ன தொகை விழுந்திருக்குமென்று சொல்லத் தேவையில்லை. அந்த ஏட்டை மட்டும் படித்தவர் தோட்டத்தில் பாதை கேட்டவரே இல்லை என்று முடிவு கட்டினால், அவருடைய கணிதத்தில் பிழை காண முடியுமா?

சராசரி என்ற கருவியைப் பற்றியும் இங்கே பேசியாக வேண்டும். ஏனெனில் பூச்சியத்தைவிட நயமாக ஏமாற்றுவது அது. எம்.ஆர்.டி.ஜி. ஒரு நாளின் படத்தை ஐந்து நிமிடச் சராசரியாகவும், வாரத்தை அரை மணிச் சராசரியாகவும், மாதத்தை இரண்டு மணிச் சராசரியாகவும், ஆண்டை ஒரு நாள் சராசரியாகவும் வைத்திருக்கின்றது. இடம் மிச்சப்படுத்தும் தேவைக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு, குற்றமில்லை. ஆனால் ஒரு தோட்டத்தின் வாழ்க்கையை இதற்குள் வைத்துப் பாருங்கள். பகல் முழுவதும் தாயும் தகப்பனும் மலையில். வீட்டிலே கைத்தொலைபேசி ஒன்று இருந்தால் அதுவும் அவர்களில் ஒருவரோடு மலையில். மாலை ஆறு மணிக்கு மேல்தான் அது பிள்ளையின் கைக்கு வருகின்றது. ஆறிலிருந்து ஒன்பது வரை எல்லா லயத்துப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஒரே கோபுரத்தை நாடுகிறார்கள். பாதை முழுவதும் அடைத்துக்கொள்கின்றது. பாடம் திறக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கின்றது. மற்ற இருபத்தொரு மணி நேரமும் பாதையில் பத்திலொரு பங்கே ஓடுகின்றது என்று கொள்வோம். நாள் சராசரி எவ்வளவு? நூற்றுக்கு 21. ஆண்டுப் படத்தில் அந்த 21 மட்டுமே எஞ்சும். ‘ஐந்திலொரு பங்குதான் பயன்படுகின்றது, விரிவாக்கத்துக்கு அவசியமில்லை’ என்று ஒரு குறிப்பு எழுதப்படும். அடைபட்ட மூன்று மணி நேரமும் அந்தப் பிள்ளையின் கல்வி முழுவதும் ஒன்றே என்பது அந்த 21இல் எங்கே தெரிகின்றது? பட்டினி கிடப்பவனுக்கும் பருத்தவனுக்கும் சராசரி உணவு போதுமானது என்று சொன்ன பழைய பொருளியல் புலவர்களின் பேரப்பிள்ளை இது.

(மானியும் சில வேளை தானே தடுமாறும். பழைய மானிகள் 4,294,967,295 வரை எண்ணிவிட்டு மறுபடி பூச்சியத்துக்குத் திரும்புபவை. விநாடிக்கு 100 மெகாபிட் ஓடும் பாதையில் அது நிரம்ப ஆறு நிமிடமும் ஆகாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து கேட்பவன், இடையில் ஒரு முழுச் சுற்றே கழிந்து போனதை அறியான். நெரிசல் எவ்வளவு மிகுதியோ அவ்வளவு குறைவாக எண்ணுவான். பெரிய மானிகள் வந்தபின் இக்குறை நீங்கிற்று. கேட்கும் இடைவெளியும் அரசியல்தான் என்பதற்காகச் சொன்னேன்.)

கம்பி வழியாக எண்ணுவது இப்படியென்றால், காற்று வழியாக அளப்பது எப்படி? கருவிகள் பொருத்திய வாகனமொன்றைப் பாதையில் ஓட்டிச் சென்று சிக்னலின் வலிமையைக் குறித்துக்கொள்வது உலகெங்கும் உள்ள முறை. அவிசாவளையிலிருந்து ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியா செல்லும் ஏ7 பாதையில் அப்படியொரு வாகனம் ஓடினால் நல்ல எண்களே கிடைக்கும். பாதை மலையின் தோளில் போகின்றது. லயங்களோ பல இடங்களில் சரிவின் மறுபுறத்திலும், வாகனம் இறங்கத் தயங்கும் பள்ளங்களிலும் இருக்கின்றன. வானொலி அலை முகடு தாண்டி உள்ளே இறங்குவது அரிது. ஆக, பாதையின் எண் தோட்டத்தின் எண்ணாகிவிடுகின்றது. துரையின் பங்களா மேட்டில் கட்டப்பட்டதும் தொழிலாளியின் லயம் பள்ளத்தில் கட்டப்பட்டதும் ஆங்கிலேயன் காலத்து ஏற்பாடு. அந்த ஏற்பாட்டின்படியே இன்றும் சிக்னல் பங்கிடப்படுகின்றது!

இது ஏதோ நம் நாட்டின் பின்தங்கிய நிலையால் வந்ததென்று எண்ண வேண்டாம். அமெரிக்க ஐக்கிய நாட்டிலும் நீண்ட காலமாக, ஒரு கணக்கெடுப்புக் கட்டத்தில் ஒரே ஒரு வீட்டுக்கு இணைப்புக் கிடைத்தாலும் அந்தக் கட்டம் முழுவதும் இணைப்புப் பெற்றதாகவே எழுதப்பட்டு வந்தது. எழுதிக் கொடுத்தவர்கள் கம்பனிகளே. கிராமங்கள் கூக்குரலிட்ட பின், 2020இல் காங்கிரஸ் தனிச்சட்டம் இயற்றி, இடத்துக்கு இடம் அளக்கவும், மக்கள் மறுத்துரைக்கவும் வழி செய்தது. நம்முடைய தோட்டங்களில் ஒரு தோட்டமே பல டிவிஷன்களாக மலைக்கு மலை பிரிந்து கிடக்கின்றது. மேற்பிரிவில் நான்கு கோடு தெரிந்தால் கீழ்ப்பிரிவுக்கும் சேர்த்து எழுதிவிடுவது எவ்வளவு எளிது!

இனி, இந்த எண்களால் யாருக்கு என்ன நட்டம் என்பதைக் கேட்போம். ஆசிரியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. இடையில் திறந்தும் மூடியுமாக 2021 இறுதிவரை சென்றது. பாடம் கைத்தொலைபேசிக்குள் போயிற்று. தொலைபேசி உள்ள வீட்டிலும் ரீலோட் போடப் பணமில்லை. பணம் கிடைத்த நாளில் சிக்னல் இல்லை. மேட்டுக்கு ஏறி நின்று, வாட்ஸ்அப்பில் வந்த வினாத்தாளை இறக்கிக்கொண்டு இறங்கிய பிள்ளைகளை இந்தப் பத்திரிகையைப் படிக்கும் ஆசிரியர்களில் எத்தனையோ பேர் கண்டிருப்பார்கள். ஊவாப் பக்கத்துப் பொஹிட்டியாவ என்ற கிராமத்தில் சிங்களப் பிள்ளைகளும் அவர்தம் ஆசிரியையும் மூன்று கிலோமீற்றருக்கு மேல் காட்டு வழி நடந்து பாறையுச்சிக்கு ஏறிப் பாடம் தேடியதை 2021இல் உலகப் பத்திரிகைகள் படத்தோடு வெளியிட்டன. பள்ளத்தில் இருப்பவனுக்கு மொழி எதுவாயினும் சிக்னல் ஒன்றே என்பதை இனவாதிகள் கவனித்தார்களா என்று தெரியவில்லை.

அந்தப் பிள்ளை பாறையுச்சியில் இறக்கிக்கொண்ட சில நூறு கிலோபைட், ஏதோ ஒரு கோபுரத்தின் மானியில் விழுந்திருக்கும். அதை இறக்க அவள் நடந்த மூன்று கிலோமீற்றர் எந்த மானியிலும் விழவில்லை. அவள் வீட்டிலிருந்தபடி முயன்று தோற்ற தடவைகளும் விழவில்லை. கோபுரத்தை எட்டாத கோரிக்கையைக் கோபுரம் எண்ணுவதெப்படி? இன்னொன்றும் சொல்வேன். 2021 ஜூலை 12ஆம் திகதி, சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி நாட்டின் ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. அந்த வாரத்தில் கோடு கீழே விழுந்திருக்கும். ஆசிரியர் போராடினார் என்பதற்கும், மாணவருக்கு ஆர்வம் குன்றிற்று என்பதற்கும், சந்தா தீர்ந்தது என்பதற்கும் அந்தக் கோட்டில் வேற்றுமை உண்டா? மனிதர் ஏன் நின்றார்கள் என்பதை மானி அறியாது. அறியாததில் தவறில்லை, அறியாதவனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றித் தீர்ப்புச் சொல்லுவதுதான் தவறு.

தொகைமதிப்புப் புள்ளிவிவரத் திணைக்களம் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாக வகுத்துக் கணினி எழுத்தறிவை வெளியிடுகின்றது. மூன்றில் தோட்டமே தொடர்ந்து கடைநிலையில் நிற்கின்றது. அந்த எண்ணை மேற்கோள் காட்டி நம் தலைவர்கள் மேடைகளில் இரங்குகின்றார்கள். இருபது ஏக்கருக்குக் குறையாத நிலமும், அங்கேயே குடியிருக்கும் பத்துத் தொழிலாளரும் இருந்தால்தான் அது ‘தோட்டம்’ என்ற வரையறை ஒன்று அதற்குள் இருப்பதைச் சொல்பவர் சிலரே. தோட்டத்து எல்லைக்கு வெளியே ஒரு துண்டு நிலத்தில் குடியேறிய குடும்பம் மறுநாள் ‘கிராமம்’ ஆகிவிடுகின்றது. அதன் வறுமை மட்டும் இடம் மாறுவதில்லை.

பலருக்கு இவ்வளவும் கேட்டபின் ஓர் ஆத்திரம் வரும்: இந்த எண்களே வேண்டாம், கொளுத்திப் போடுவோம் என்று. நான் அதற்கு உடன்படேன். கொழுந்து நிறுவையை எடுத்துக்கொள்ளுங்கள். கூடைக்கு என்றும் ஈரத்துக்கு என்றும் கழித்து எழுதிய பழைய கைத்தராசு போய், பல தோட்டங்களில் மின்தராசு வந்திருக்கின்றது. எண் துல்லியமாயிற்று; கழிவு நின்றதா? 2021இல் நாட் சம்பளம் 1,000 ரூபா என்று சம்பள நிர்ணய சபை வழியாக வந்தபோது, தோட்டங்கள் பலவற்றில் ஒரு பேருக்கான கொழுந்தின் அளவு 18, 20 கிலோ என்று உயர்ந்தது. தராசு பொய் சொல்லவில்லை. தராசுக்கு மேலே எழுதப்பட்ட விதி மாறிற்று. இதற்கு விடை தராசை உடைப்பதா? விதியை எழுதும் மேசையில் நிறுக்கப்படுபவரும் உட்காருவதுதான் விடை. இயந்திரம் தோழனுமன்று, பகைவனுமன்று என்பதை ஆலைத் தொழிலாளர் இயக்கம் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே துணிகளை நெய்த தறிகளின் முன் நின்று கற்றுக்கொண்டது.

ஆத்திரப்படுவோருக்கு ஒரு நியாயமான அச்சமும் உண்டு. அதை ஒதுக்கிவிடக் கூடாது. வாசலில் எத்தனை பைட் போயிற்று என்று எண்ணுவது ஒன்று. யார் யாரோடு எப்போது பேசினார் என்று எண்ணுவது வேறொன்று. சிஸ்கோ கம்பனி 1996 அளவில் கொண்டுவந்த நெட்ஃப்ளோ போன்ற முறைகள் இரண்டாவதைச் செய்ய வல்லவை. வலையைப் பழுதுபார்க்கவும் அவை உதவும். தொழிற்சங்கக்காரனைப் பின்தொடரவும் உதவும். 2022 ஏப்ரலில் மக்கள் வீதியில் இறங்கியபோது சமூக ஊடகங்கள் பல மணி நேரம் முடக்கப்பட்ட நாடு இது. ஆகவே, மலையகத்தை எண்ணு என்று கோரும் நாம், பாதையை எண்ணு, பாதையில் நடப்பவனைப் பின்தொடராதே என்றும் சேர்த்தே கோர வேண்டும். முன்னதற்குத் தனிமனிதர் பெயர் ஒன்றும் தேவையில்லை. ‘எல்லாவற்றையும் சேகரித்தால்தான் உங்களுக்குச் சேவை செய்ய முடியும்’ என்று சொல்பவரின் பேச்சில் பழைய கங்காணியின் குரல் கேட்கின்றது.

நாம் கேட்பது அதிகமன்று. அளக்காத இடத்தில் பூச்சியம் எழுதாதே. அளக்கவில்லை என்று எழுது. ஆண்டுச் சராசரியைக் காட்டாதே. மாலை ஆறு முதல் ஒன்பது வரையிலான எண்ணைக் காட்டு. மாவட்டத்துக்கு ஓர் எண் சொல்லாதே. டிவிஷனுக்கு ஓர் எண் சொல். எஸ்.என்.எம்.பி. முறையில் மானியின் எண்ணைக் கேட்பதற்கு ஒரு கடவுச்சொல் உண்டு. அதற்கு ஆங்கிலத்தில் ‘சமூகம்’ என்று பொருள்படும் சொல்லையே பெயராக வைத்திருக்கிறார்கள். படிக்க மட்டும் உரிமை தரும் அந்தச் சொல், பெட்டி வரும்போது வழக்கமாக ‘பப்ளிக்’ என்றிருக்கும். பொதுமக்கள் என்று பொருள். எழுதும் உரிமைக்கான சொல் ‘பிரைவேட்’. கந்தோரில் பொறுப்பெடுப்பவர் முதல் வேலையாகப் ‘பப்ளிக்’ என்பதை அழித்து வேறொன்றை வைப்பார். பாதுகாப்புக்காக அது அவசியம், நாம் மறுக்கவில்லை. ஆனால் வாசலை மூடியபின், உள்ளே எழுதப்படுவதை அச்சிட்டாவது வெளியே ஒட்டலாமன்றோ? வானலை என்பது மக்களின் சொத்து. அதைக் கம்பனிகளுக்கு உரிமம் கொடுத்து விடும் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு மக்களின் பெயரால் 1996ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது.

அவர்கள் ஒட்டும் வரை நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. 2009இல் ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து தொடங்கிய எம்-லேப் என்ற அமைப்பு, எவரும் தம் இணைப்பை அளந்து பார்க்கவும், அளந்த விவரம் எல்லோருக்கும் திறந்திருக்கவும் வழி செய்திருக்கின்றது. ஐரோப்பாவின் ரைப் என்ற அமைப்பு 2010 முதல் தொண்டர்களுக்குச் சிறிய அளவைப் பெட்டிகளை வழங்கி வருகின்றது. இணைப்பு அறுந்த நேரத்தையும் அது குறித்துக்கொள்கின்றது. இணைப்பே எட்டாத பள்ளத்துக்கு இவையிரண்டும் உதவா. அங்கே ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். உயர்தர வகுப்பு மாணவர் பத்துப்பேர் சேர்ந்து, தத்தம் லயத்து வாசலில் நின்று, மாலை ஏழு மணிக்குச் சிக்னல் உண்டா இல்லையா என்று முப்பது நாள் எழுதி வைத்தால், அதைப் போன்றதொரு புள்ளிவிவரம் அந்த டிவிஷனைப் பற்றி எந்தக் கந்தோரிலும் கிடைக்காது. அளக்காத நாளைக் ‘தெரியாது’ என்றே எழுதச் சொல்லிக் கொடுங்கள். கணித ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல செய்முறைப் பாடம் வேறு அகப்படாது.

கொப்பியோடு கூடவே ஒரு கடிதமும் போக வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்தப் பிரஜையும் அரச நிறுவனத்திடம் எழுதிக் கேட்கலாம். எந்தப் பிரஜையும் என்ற சொற்களை மலையகத்தார் கொஞ்சம் நிறுத்தி வாசிக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் சட்டம் வரும் வரை அதற்காகக் காத்திருந்தவர்கள் அவர்கள். ஆணைக்குழுவின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதுங்கள். நம் தோட்டத்தின் இன்ன டிவிஷனில் சிக்னல் கடைசியாக எந்தத் திகதியில் அளக்கப்பட்டது, அளந்தவர் எந்தப் பாதையில் எதுவரை சென்றார், அளக்காத இடம் அறிக்கையில் எவ்வாறு குறிக்கப்பட்டிருக்கின்றது, அங்கே சேவை செய்யும் கோபுரத்தின் மாலை நேர நெரிசல் எவ்வளவு, சராசரி எடுத்த கால அளவு எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். கடிதம் தமிழில் எழுதலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை. தருவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்லியாக வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு.